ஆடு சரி என்று சொன்ன பக்கம்

என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியிலிருந்து ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தாள். குடும்ப வழக்கங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் புத்தகமாம். குலசாமி கோயில், தாய்மாமன் மடியில் காதுகுத்து, மாலை போட்ட ஆடு. பூசாரி தண்ணீர் தெளிக்கிறார். ஆடு சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறது. 'சரி என்றது ஆடு.' அடுத்த பக்கத்தில் எல்லாரும் இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள். நடுவில் நடந்ததைப் புத்தகம் எழுதிய ஆள் விழுங்கிவிட்டார்.

"அப்பா, ஆடு எங்க உக்காந்திருக்கு?" என்று கேட்டாள் மகள்.

"இலையிலதாண்டி இருக்கு," என்றாள் என் மனைவி. அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

அழுது முடித்துவிட்டுப் பிள்ளை என்னிடம் வந்தது. "அது தலையாட்டலைன்னா வெட்ட மாட்டாங்கல்ல?"

மாட்டார்கள்தான். தண்ணீர் பட்டு ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறி, துலுக்கினால்தான் சாமி உத்தரவு. துலுக்காத ஆட்டின் மேல் எங்கள் பக்கத்தில் யாரும் அரிவாளை வைப்பதில்லை. அதையே சொன்னேன்.

தள்ளித் தள்ளிப் போன அவளுடைய காதுகுத்து உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் நடந்தது. கிடாய் என் மச்சான் சீர். வந்து இறங்கியதிலிருந்து அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தலைய ஆட்டாத, என்ன?" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாமன் மடியில் காது குத்தி முடிந்ததும் கிடாயை நிறுத்தினார்கள். குடம் குடமாக ஊற்றியும் அது அசையவில்லை. "சீர்ல என்ன குறையோ," என்று ஒரு பெரிசு இழுத்தது. மச்சானுக்கு முகம் கறுத்துவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் அம்புட்டுச் சந்தோஷம்.

"அப்பா, நான் சொன்னதக் கேக்குதுப்பா!" என்று குதித்தாள் மகள். பிறகு கிடாயின் காதில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தாள். தன் காது வலித்துக்கொண்டிருந்ததால் அதற்கும் வலிக்கும் என்று நினைத்திருப்பாள். யாரும் தடுப்பதற்குள் ஓடிப்போய்ப் பட்டுப்பாவாடை நுனியால் அதன் காதைத் துடைத்தாள்.

கிடாய் தலையிலிருந்து வால்வரை துலுக்கியது. பொம்பளைகள் குலவை போட்டார்கள்.

"அது சரின்னு சொல்லலப்பா! காது கூசுச்சுப்பா!"

அந்தச் சத்தத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது. அதையே நான் கத்திச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

"எங்க பாப்பா கை பட்டதும் சாமி உத்தரவு குடுத்திருச்சுல்ல!" என்று மச்சான் பூரித்துப்போய் அவளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்தார். அங்கிருந்து அவளுக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது.