கிணற்றில் விட்ட மீசைக் குஞ்சுகள்

உடுவிலில் தண்ணீர் மோட்டர் திருத்தும் கேதீஸ்வரன் எந்த வேலையையும் அரைகுறையாக விட்டு யாரும் கண்டதில்லை. கழற்றிய மோட்டரைக் கடைசி வொஷர் வரை துடைத்துத்தான் பூட்டுவான். தங்கமான மனுசன். ஒரே குறை, ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அந்த வாய்தான் அவனை மீனில் கொண்டுபோய் மாட்டியது.

போன மாரி மழைக்கு அவன் வீட்டு ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு டெங்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டு உதயகலாவின் சின்னமகள் தக்சாயினி ஆஸ்பத்திரியில் கிடந்து மயிரிழையில் தப்பி வந்தாள். நுளம்பு முட்டையிலிருந்து வரும் குடம்பிப் புழுவைத் தின்னக் கிணறுகளில் மீன் விடவேண்டும், நாங்களே கொண்டுவந்து தருவோம் என்றார் சுகாதாரப் பரிசோதகர். அதுவரை பொறுத்திருந்தால் அவன் கேதீஸ்வரனா? வயல் வாய்க்காலில் வெள்ளம் வற்றிய குழியிலிருந்து தானே அள்ளி வந்தான். ஈர்க்குத் துண்டளவில், கறுப்பாக, மீசை வைத்த குஞ்சுகள். பாதியைத் தன் வீட்டுத் தொட்டியிலும் மீதியை உதயகலாவின் கிணற்றிலும் விட்டான். “இது ஒண்டும் செய்யாத மீன் தங்கச்சி, நான் பொறுப்பு” என்று வேறு சொல்லிவைத்தான். மீன் சந்தைப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிற, மரக்கறி மட்டும் தின்கிறவனுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்?

அடுத்த சனிக்கிழமை காலை மோட்டரைத் திருத்தக் கொண்டுவந்தவரின் கையில் பெரிய கட்டு. வயலில் சுங்கான் குத்தியதாம்.

“மீசை வைச்ச கறுப்பு மீன். செட்டை முள்ளிலை நஞ்சு. தோள்வரைக்கும் எரிஞ்சுது” என்றார் அவர்.

கேதீஸ்வரனுக்குத் தான் விட்ட குஞ்சுகளின் மீசை நினைவுக்கு வந்தது. தக்சாயினி கிணற்றில் அள்ளும் வாளியிலெல்லாம் கைவிட்டு அளைகிற பிள்ளை. வேலிக்கு மேலால் ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் என்னவென்று சொல்வது? பொறுப்பென்று சொன்ன வாய் அல்லவா. முதலில் என்ன மீனென்று மட்டுக்கட்டுவோம், பிறகு சொல்லுவோம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

காங்கேசன்துறையிலிருந்து மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டு வரும் மார்க்கண்டு அந்த வீட்டு வாசலில் ஒருநாளும் நின்றதில்லை. அன்று கேதீஸ்வரனே கைகாட்டி மறித்தான்.

“என்ன தம்பி, விரதம் முறியப்போகுதோ?” என்று சிரித்த மார்க்கண்டு, தொட்டியை எட்டிப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். “நான் கடல்காரன். உந்தக் குளத்துக் குஞ்சுகள் இந்த அளவிலை எல்லாம் ஒரே மாதிரித்தான் கிடக்கும். வாலைப் பார். ரண்டாப் பிளந்திருந்தால் கெளுத்தி. உருண்டிருந்தால் சுங்கான். கெளுத்தியும் குத்தும்தான், ஆனால் சுங்கான் பொல்லாதது.”

அவர் போனதும் கேதீஸ்வரன் அடுக்களைக் கண்ணாடித் தம்ளரை எடுத்தான். “உதிலை மீனோ? உங்களுக்கென்ன விசரே?” என்று மனைவி பத்மாசினி கத்தியது அவன் காதில் ஏறவில்லை.

முதல் குஞ்சை அள்ளி வெயிலுக்குப் பிடித்தான். வால் பிளந்திருந்தது. அப்பாடா என்று மூச்சு வந்தது. இரண்டாவது, வாலைச் சுருக்கிக்கொண்டு அடியில் படுத்தது. தம்ளரைத் தட்டினான், ஊதினான், அசையவில்லை. மூன்றாவது கொஞ்சம் செம்மை கலந்த கறுப்பு. வயிற்றோடு நீளமாய் ஒரு செட்டை. வால் உருண்டை.

கலந்துதான் அள்ளியிருக்கிறான். பாவி.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் வாளி கிணற்றுக் கட்டில் இடித்தது. தம்ளரைப் போட்டுவிட்டு ஓடினான். உதயகலா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்க, தக்சாயினி வாளியருகில் குந்தியிருந்தாள். குவித்த கைகளில் தண்ணீர். தண்ணீருக்குள் மீசை.

“பிள்ளை, கையை அசைக்காதை. அப்பிடியே வைச்சிரு.”

“ஏன் மாமா?”

தன் கையை அவள் கைக்குள் நுழைத்து மீனைப் பொத்தி எடுத்தான். பக்கச் செட்டை முள் சுட்டுவிரலில் இறங்கியது. முழங்கை வரை நெருப்பு ஓடியது. மீன் நிலத்தில் விழுந்து துடிக்க, அவன் கிணற்றடியில் குந்திவிட்டான்.

உதயகலா ஓடிப்போய் முள்நஞ்சு இறங்கச் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். பொறுக்கும் சூட்டில் செம்பால் மெல்ல மெல்ல அவன் விரலில் வார்த்தாள். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“அவ்வளவு நோகுதோ அண்ணை? என்ரை பிள்ளையைக் காப்பாத்தப் போய் உங்களுக்கு இப்பிடி வந்திட்டுதே.”

அந்தச் சொல்லை அவனால் தாங்க முடியவில்லை.

“காலமையே எனக்குச் சந்தேகம் வந்தது தங்கச்சி. வந்து சொல்லேல்லை. நான் பிழை விட்டனெண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது.”

வார்த்துக்கொண்டிருந்த கை நின்றது. உதயகலா செம்பைக் கீழே வைத்தாள். மகளை இழுத்து மடியில் இருத்தி, அந்தச் சின்னக் கைகளை விரித்து ஒவ்வொரு விரலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேதீஸ்வரன் பக்கம் அவள் திரும்பவேயில்லை.