கயிற்றுக்குள் சூரியகாந்தி

கயிற்றைத் தாண்டி வெளியே வந்ததும் இராயப்பன் தண்ணீர்ப் பேசினைத் தேடுவார். சப்பாத்தைக் கயிற்றுக்கு உள்ளேயே கழற்றிவைத்து, பேசினில் நின்று சவர்க்காரம் போட்டுக் கால் கழுவி, அந்தத் தண்ணீரையும் உள்ளேயே ஊற்றிய பிறகுதான் வீட்டு வரிசையான லயத்துப் பக்கம் திரும்புவார். அந்த மண்ணில் ஒரு பொட்டுக்கூட வீட்டு வாசலுக்குப் போகக்கூடாது. நான்கு வருடமாக இதே பூசை. "அண்ணே சாமியாராப் போயிருக்கலாம்" என்று பக்கத்துக் காம்பரா ஜீவராணி கேலி பண்ணினாலும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

கயிற்றுக்குள் இருப்பது எட்டுப் பாத்தி நிலம். ஒரு காலத்தில் அது அவர் மனைவி மெரினாவின் லீக்ஸ் மரக்கறித் தோட்டம். தேயிலைக்கு மருந்தடிக்கும் இராயப்பன், ஸ்டோர்வரை ஏறிப்போக அலுப்புப்பட்டு, மருந்து டாங்கியைப் பன்னிரண்டு வருடம் அதன் மேல்வரப்பில்தான் கழுவினார். செம்பு மருந்து மண்ணில் ஊறி ஊறி லீக்ஸ் மஞ்சளித்துச் செத்தது. கடைசியில் புல்கூட முளைக்கவில்லை. மெரினா சண்டை போட்டிருந்தால் தேவலை. அவள் ஒரு வார்த்தை பேசாமல் மண்வெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதுதான் அவரை அறுத்துக்கொண்டே இருந்தது.

நோர்வூட்டில் விஞ்ஞானம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துக்காரியான சிவதர்சினி டீச்சர்தான் வழி சொன்னார். டொலமைட் சுண்ணாம்பும் மாட்டெருவும் உமிக்கரியும் கலந்தால் மருந்தின் வீரியம் அடங்கும். சூரியகாந்தி நட்டால் மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியெடுக்கும். முதல் போகமே இடுப்பளவு வளர்ந்ததில் இராயப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. தேயிலைத் தோட்டத்தில் செடியைக் கவ்வாத்து வெட்டினால் இலையும் கொப்பும் அந்த மண்ணுக்கே சொந்தம். அதே கைப்பழக்கத்தில் அத்தனை சூரியகாந்தியையும் துண்டு துண்டாக நறுக்கி, அங்கேயே குழி தோண்டி மூடிவிட்டார். டீச்சர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"அண்ணை, செடி எடுத்த நஞ்சைத் திரும்ப மண்ணுக்குள்ளயே தாட்டுப்போட்டியளே."

அன்றிலிருந்து மனிதர் மகா கஞ்சனாகிவிட்டார். உதிர்ந்த சருகைக்கூடப் பொறுக்கி உரப்பையில் கட்டி, டீச்சர் ஏற்பாடு செய்த லொறியில் ஏற்றிவிடுவார். ஆடு எட்டிப்பார்த்தால் கல்லைத் தேடுவார். மாதா திருநாளுக்குப் பீடம் சோடிக்கும் பவுலின் என்பவள் பூக் கேட்டு வந்தபோது அவளுக்கும் இல்லை.

"வெசத்தக் கொண்டுபோயா மாதா காலடியில வப்பீங்க? வேற பூ தேடுங்க."

ஒரு மாதம் கோயிலில் யாரும் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. போகட்டும் என்று இருந்துவிட்டார்.

போன வாரம் பரிசோதனைத் தாள் வந்தது. மண்ணிலும், சோதனைக்காக நட்ட முள்ளங்கியிலும் பயப்படும்படி ஒன்றுமில்லை, இனி மரக்கறி போடலாம் என்று டீச்சர் வாசித்தார். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார் இராயப்பன். முதுகிலிருந்து டாங்கியை இறக்கினாற்போல இருந்தது. கண்ணைத் துடைக்கக்கூட மறந்துபோனார். வீட்டுக்கு வந்து மெரினாவிடம் சொன்னார். அவள் "ம்" என்றுவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

இன்று காலை கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தவர், பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றிவைத்துப் பேசினைத் தேடினார். வைத்த இடத்தில் இல்லை. லயத்திலிருந்து மெரினா இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் மண்வெட்டி. இடுப்பில் அந்தப் பேசின், நிறைய லீக்ஸ் நாற்று.

இராயப்பன் பேசினை வாங்கிக்கொண்டார். சப்பாத்தைத் தேடாமல், வெறுங்காலோடு பாத்திக்குள் இறங்கினார்.