சொல்லாத இருபது

போன வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் கடைக்காரர் பஞ்சில் பவுடரைத் தொட்டுக் கழுத்தில் அப்பினார். அவ்வளவுதான் நடந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "இன்னா தம்பி, தூங்கிட்டியா?" என்றார். பின்னால் ஆள் காத்திருந்தார். எழுந்து வந்துவிட்டேன்.

அது எங்கள் வீட்டுச் சீட்டுக்கட்டின் வாசனை. புதுச்சேரியில் கடற்காற்றுக்கு எல்லாம் பிசுபிசுக்கும். உப்பு ஜாடி, கதவுத் தாழ்ப்பாள், பள்ளிக்கூடப் புத்தகம், எதுவும் தப்பாது. சீட்டைக் கேட்கவே வேண்டாம், ஐப்பசியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு இரண்டாக வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் அக்கா ஒரு துண்டை விரித்து, சீட்டுகளைப் பரப்பி, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி, ஒவ்வொன்றாகத் தேய்த்து வைப்பாள். ஆட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது ஆண்பிள்ளைகள் மூன்று பேரும் கல்யாண வீட்டுப் பெண்களைப் போல மணப்போம்.

ஆட்டத்தின் பெயர் பெலோத். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தது. ஐம்பத்துநாலு நவம்பரில் கொடி மாறியது, பள்ளிக்கூடத்தில் என் பாடங்கள் பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு மாறின. பெலோத் மட்டும் அப்படியே இருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், எப்படியும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். எதைப் பார்த்தாலும் எனக்கு உடனே வேண்டும். மூன்று மாதம் சோறு தண்ணீர் இல்லாமல் அதையே கட்டிக்கொண்டு கிடப்பேன், நாலாவது மாதம் அது இருந்த இடம் தெரியாது. பதினாலு வயதில் தபால்தலை. கொடி மாறியதும் பழைய தபால்தலைகள் இனி வராது என்று யாரோ சொல்ல, தெருவில் ஒரு வீடு விடாமல் உறை கேட்டு அலைந்தேன். அப்புறம் புறா. அப்புறம் மவுத் ஆர்கன், அதில் பாதிப் பாட்டு வரை போனேன். அப்புறம் வாடகை சைக்கிளில் ஊசுட்டேரிக்குப் போய் மார்கழிப் பனியில் பறவை எண்ணுவது. எண்ணி என்ன செய்வது என்று யோசித்ததில்லை. தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துக் கொடுத்தது அக்கா. நான் விட்ட பிறகு புறாவுக்குக் கம்பு போட்டது அக்கா. பறவைக் கணக்கைப் பின்னால் கேரியரில் உட்கார்ந்து நோட்டில் எழுதியதும் அவள்தான். என்னைவிட மூன்று வயது பெரியவள். பூங்காவனம் என்று பெயர், வீட்டில் பூங்கா.

அப்பா மில்லில் குமாஸ்தா. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு மில் சங்குதான் கடிகாரம். அப்பாவுக்கு ஒரே ஒரு குறை, யாரிடமும் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லத் தெரியாது. ஒருமுறை மில்லில் யாரோ "ரெண்டு நாளைக்கு வெச்சிக்க" என்று ஓர் ஆட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். எட்டு மாதம் இருந்தது. அம்மாவின் இரண்டு புடவையைத் தின்றது.

அப்படி 'இல்லை' சொல்ல முடியாத ஒரு நாளில்தான் பெலோத்தும் வீட்டுக்குள் வந்தது. அடுத்த வீட்டில் ஒரு பழைய சிப்பாய் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பல ஊர் பார்த்துவிட்டு வந்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் சொல்தா மாமா. சொல்தா என்றால் சிப்பாய் என்றுதான் அர்த்தம். அவருடைய நிஜப் பெயரை நான் கேட்டதே இல்லை. அப்பாவை 'முசே' என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிடுவார், அப்பா அவரை 'மச்சான்' என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டுக்கட்டோடு வந்து "உக்காரு முசே" என்றார். அப்பா உட்கார்ந்துவிட்டார். நான் கூப்பிடாமலே உட்கார்ந்தேன். நாலாவது ஆள் வேண்டும். அடுப்படியிலிருந்து அக்காவை இழுத்து வந்தோம்.

அப்பாவும் சொல்தா மாமாவும் ஒரு ஜோடி. அக்காவும் நானும் ஒரு ஜோடி. என் ஆசைகளில் நாலாவது மாதத்தைத் தாண்டியது இது ஒன்றுதான், அது என் சாமர்த்தியம் இல்லை. அக்கா ஆடுவதைப் பார்க்க வேண்டும். யார் கையில் எது இருக்கிறது என்று அவளுக்கு மூன்றாவது சுற்றிலேயே தெரிந்துவிடும். எதிரே உட்கார்ந்து கண்ணை ஒருமுறை மூடித் திறப்பாள், நான் சரியான சீட்டைப் போட்டுவிடுவேன். ஜெயித்ததும் நான்தான் தொடையைத் தட்டிக்கொள்வேன்.

"முசே, உம் பொண்ணு பட்டாளத்துல இருந்திருந்தா நாங்க ஒரு சண்டையும் தோத்திருக்க மாட்டோம்" என்பார் சொல்தா மாமா.

"நீங்க எந்தச் சண்டைல ஜெயிச்சீங்க மாமா?" என்பேன் நான்.

"அடிங்க. சீட்டப் போடுடா."

ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குப் போகும்போதுகூடக் கட்டு கூடவே வரும். அரியாங்குப்பம் பாலம் தாண்டி நடப்போம். தேர் பார்த்து, கூழ் குடித்து, சவுக்குத் தோப்பில் பாயை விரித்து ஆட்டம். அம்மா தலையிலடித்துக்கொண்டு புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பாள். ஒரு வருஷம் காற்றில் ஒரு சீட்டு, ஆர்ட்டின் எட்டு, பறந்து கூட்டத்துக்குள் போய்விட்டது. அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பு டப்பாவின் மூடியை வெட்டி அக்கா ஒரு எட்டு வரைந்தாள். முதுகுப்பக்கம் பழுப்பு அட்டை, யார் கையில் இருந்தாலும் பளிச்சென்று தெரியும். தெரிந்தாலும் தெரியாததுபோல் ஆட வேண்டும் என்று சட்டம் போட்டுக்கொண்டோம். நாலு வருஷம் அதை யாரும் மீறவில்லை.

ஐம்பத்தொன்பதில் சொல்தா மாமாவின் அக்கா மகன் லீவில் வந்தார். பிரான்சில் துலோன் என்ற துறைமுகத்தில், கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில் வேலை. ஞாயிறுகளில் மாமாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பார். பேசமாட்டார். ஒருநாள் கை முடிந்ததும் அக்காவிடம், "அந்தப் பத்த நீங்க கடைசிக்குன்னு வெச்சிருந்தீங்க. மொத சுத்துலயே தெரிஞ்சிது" என்றார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சீட்டைக் கலைத்தாள். நான் அதை அவமானமாக எடுத்துக்கொண்டேன், நம் ஆட்டத்தை இவன் யார் கண்டுபிடிக்க என்று.

அடுத்த வாரம் சொல்தா மாமா பெண் கேட்டார்.

அம்மா அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளை நல்லவன்தான், ஆனால் கடல் தாண்டி அனுப்பிவிட்டு ஒரு காய்ச்சல் என்றால் யார் போய்ப் பார்ப்பது? "பட்டுன்னு முடியாதுன்னு சொல்லிட்டா இன்னா?" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சொல்லிவிட்டு வருகிறேன் என்று அடுத்த வீட்டுக்குப் போவார். காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவார். மூன்று வாரம் இப்படியே.

நாலாவது வாரம் சொல்தா மாமா சிரித்துக்கொண்டே வந்தார். "முசே, உன் வாயில ஆமாவும் வராது, இல்லயும் வராது. ஆட்டத்துல வெச்சிக்கலாம். வர்ற ஞாயித்துக்கெழம நீயும் நானும் ஜெயிச்சா பொண்ணு எங்க வீட்டுக்கு. தோத்தா நான் இந்தப் பேச்ச எடுக்கல. சம்மதமா?"

"சம்மதம் மச்சான்" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பூங்கா பாப்பாவுக்கு?" என்றார் மாமா.

"ஆட்டம்னா அதுக்குச் சம்மதந்தான்."

அவர் போனதும் அப்பா எங்களிடம் குரலைத் தாழ்த்தி விளக்கினார். ஆறு மாதத்தில் மாமாவும் அப்பாவும் சேர்ந்த ஜோடி இரண்டே தடவைதான் ஜெயித்திருக்கிறது. "அதுவும் இல்லாம, அந்தப் பக்கம் ஒக்காரப் போறதே நான்தான். எப்படி ஜெயிப்பாரு?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் குதித்தேன். அக்கா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நிற்கவில்லை. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு சீட்டென்றாலே முகத்தைச் சுளிக்கும் அம்மாதான் பாயை விரித்தாள். வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். மாப்பிள்ளை சுவரோரம் உட்கார்ந்தார்.

அப்பா தோற்பதற்கு ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதை யாராவது பார்த்திருக்க வேண்டும். வெட்ட வேண்டிய இடத்தில் விட்டார். நாங்கள் எடுக்கப்போகிற பிடியில் தன் ஆஸ் சீட்டைப் போட்டார். "இன்னா முசே, கண்ணாடி போட்டுக்கலயா?" என்று கத்தினார் சொல்தா மாமா. "காலைலேர்ந்து தலவலி மச்சான்" என்றார் அப்பா. அடுப்படியில் பஜ்ஜி கருகுகிற வாசனை வந்தது.

அப்படியும் ஆட்டம் சமமாகவே போனது. அக்காவுக்குச் சீட்டு வரவில்லை என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் ஆயிரத்தை நெருங்கி, கடைசிக் கைக்கு வந்துவிட்டோம். அந்தக் கையில் முந்துகிறவர்களுக்கு ஆட்டம். இஸ்பேட் துருப்பு என்று எடுத்தவர் சொல்தா மாமா.

இங்கே ஒரு விதியைச் சொல்லவேண்டும். துருப்பு ராஜாவும் ராணியும் ஒரே ஆள் கையில் இருந்தால் இருபது புள்ளி கூடுதல். ஆனால் முதலாவதைப் போடும்போது 'பெலோத்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இருபது இல்லை.

மூன்றாவது சுற்றில் அக்கா இஸ்பேட் ராணியைப் போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சரி, ராஜா வேறு யாரிடமோ இருக்கிறது என்று அதற்குத் தகுந்தபடி ஆடினேன். ஆறாவது சுற்றில் அவள் ராஜாவைப் போட்டாள்.

அதையும் ஒன்றும் சொல்லாமல்தான் போட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்தா மாமாவின் கை ஒரு கணம் அப்படியே நின்றது; பிறகு சீட்டைப் போட்டார். அப்பா தோற்கிற மும்முரத்தில் எதையும் கவனிக்கவில்லை.

எண்ணிப் பார்த்தோம். அவர்களுக்கு எண்பத்தைந்து, எங்களுக்கு எழுபத்தேழு. அந்த இருபதைச் சேர்த்தால் தொண்ணூற்றேழு.

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தாலும் கணக்கில் சேராது, விதி அப்படி. ஆனால் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அக்கா சீட்டுகளைச் சேர்த்து, தட்டி நேராக்கி, ரப்பர் போட்டு அப்பாவிடம் கொடுத்தாள். பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அலோர்..." என்றார் சொல்தா மாமா. 'அப்படியென்றால்' என்று அர்த்தம்; அதோடு எழுந்துகொண்டார்.

ஐந்து வாரத்தில் கல்யாணம். அது முடிந்து பம்பாய்க்கு ரயில், அங்கிருந்து கப்பல். ஸ்டேஷனில் அம்மா அழுதாள், அப்பா தண்ணீர்க் கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்று, வண்டி கிளம்பியபின் அதைக் கொடுக்க மறந்துபோனதைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எஞ்சின் நம்பரை எழுதிக்கொண்டேன். அப்போது எனக்கு ரயில் எஞ்சின் பைத்தியம்.

சொல்தா மாமா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். காபி குடிக்கிறார். நாலு பேர் இல்லாததால் சீட்டு இல்லை. அம்மாவை உட்காரச் சொன்னோம், அவள் அந்தப் பாயையே சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள். போன வருஷம் ஒருநாள் வாசலில் நானும் அவரும் மட்டும் இருந்தபோது, தெருவைப் பார்த்தபடியே கேட்டார்: "அன்னிக்கி பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"உம்" என்றார்.

எனக்கு இப்போது வயது இருபத்திரண்டு. ஆபீசில் இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறேன். புறாக்கூண்டில் அம்மா விறகு அடுக்கியிருக்கிறாள். புதிதாக எதன்மேலும் ஆசை வரவில்லை. வந்தாலும் மூன்று நாள்கூட நிற்பதில்லை. அக்காவுக்கு எங்கே போகப் பிடித்தது, எது வேண்டியிருந்தது என்று அவ்வளவு வருஷத்தில் ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. அவள் கண்ணை மூடித் திறப்பது மட்டும் எனக்குத் தெரியும். அதுவும் என் சீட்டுக்காக.

மாதம் ஒரு கடிதம் வருகிறது. போன ஞாயிறு அப்பா உரக்கப் படித்தார். பக்கத்து வீட்டுக்காரர்களோடு அங்கே பெலோத் ஆடுகிறாளாம். இவளோடு ஜோடி சேர அவர்களுக்குள் போட்டியாம். அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"எம் பொண்ணு ஆட்டத்துல தோத்ததே இல்லடா. அன்னிக்கி ஒரு நாளு நீ ஒழுங்கா ஆடியிருந்தா அவ இங்கியே இருந்திருப்பா."

அம்மா என்னைப் பார்த்தாள். மூன்று வருஷமாக இதே பார்வைதான்.

"ஆமாம்பா, நான்தான் தப்பா ஆடிட்டேன்" என்றேன்.

அப்பா கடிதத்தை மடித்து உறையில் போட்டார். அம்மா முந்தானையை விரித்துத் தரையில் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இப்போது எங்கள் வீட்டில் எல்லாரும் தூங்குகிறோம். நானும்தான்.