ஆவன்னாவில் வராதவர்

என் ஓரகத்தி எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதை அவள் வாயைத் திறந்து சொன்னதே இல்லை. அவளுக்கும் சேர்த்து எங்கள் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். வெற்றிலை வாங்கப் போன இடத்தில் சொன்னார், துவைக்கப் போன இடத்தில் சொன்னார், கேட்காதவர்களை நிறுத்தி வைத்துச் சொன்னார். சின்ன மருமகள் உத்தமபாளையத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவளாம். என்னைப் பற்றி யாராவது கேட்டால், மூத்தவள் சிலமலைக்காரி, நன்றாகப் பாடுபடுவாள் என்பார். உழவு மாட்டைப் பற்றியும் எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

எனக்குப் பொறாமை இருந்தது. இல்லை என்று மழுப்புவதில் எனக்கு விருப்பமில்லை. அவள் நல்லவள், என்னை வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அது என் பொறாமையை இன்னும் கூட்டியது. சண்டைக்காரியாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆனால் அவளுடைய படிப்பைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் கை வைத்தது என் மலையின் மேல்.

மலைக்கு மோட்டார் ஏறாத காலம் அது. என் கணவருக்கும் அவர் தம்பிக்கும் போடியில் கொஞ்சம் வயலும், மேலே ஒரு சிறு ஏலத்தோட்டமும் இருந்தன. ஆவணியில் மேலே போனால் தை பிறக்கும் வரை அவர்களுக்கு அங்கேதான் சோலி. காய் எடுப்பு மும்முரமாகும்போது கூலியாட்களுக்கும் சேர்த்துச் சமைக்க வீட்டிலிருந்து ஒரு பெண் போவாள். இன்னொருத்தி மாமியாரோடு கீழே இருக்க வேண்டும். கொழுந்தனாருக்குக் கல்யாணம் ஆகும் வரை போனது நான்தான்.

மலை எனக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கீழே, அந்த வீட்டில், என் கணவர் பேச மாட்டார். தாயார் முன்னால் பெண்டாட்டியிடம் பேசுவது அவருக்குக் கூச்சம். சாப்பிடுவார், கை கழுவுவார், போய்விடுவார். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் சட்டியைப் பார்த்துச் சொல்வேன், அவர் கூரையைப் பார்த்துக் கேட்டுக்கொள்வார். மேலே போனால் அதே மனிதர் வேறு ஆளாகிவிடுவார். மந்தி ஒன்று கூலியாளின் துண்டைத் தூக்கிக்கொண்டு போன கதையை ஒரு வேளைச் சோறு முழுக்கச் சொல்வார். சிறு வயதில் பலாமரத்திலிருந்து விழுந்ததைச் சொல்வார். என்னைக் கேள்வி கேட்பார். என்னிடமும் பதில் இருக்கும் என்று நினைத்துக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அங்கே நான் அவரைக் கூப்பிடலாம். கீழே எப்படிக் கூப்பிடுவது? மேலே சோறு வெந்ததும் குடிசை முன்னால் நின்று 'ஏயா' என்று சரிவைப் பார்த்துக் குரல் கொடுப்பேன். காற்றில் முன்பாதி போய்விடும், 'யா' மட்டும் அவர் காதுக்குச் சேரும். பிறகு நானும் முன்பாதியை விட்டுவிட்டேன். 'யா' என்று ஒரு இழுப்பு. செடிகளுக்குள்ளிருந்து நிமிர்ந்து, காலில் ஏறிய அட்டைகளைச் சுண்ணாம்பு தடவி உதிர்த்துவிட்டு, ஈரத் தலைத்துண்டோடு ஏறி வருவார். மூடுபனியில் முகம் தெரியாவிட்டாலும் வருவது அவர் என்று நடையிலேயே தெரியும்.

அந்த வருஷம் சின்னவள், தான் மலையைப் பார்த்ததே இல்லை என்று மாமியாரிடம் சொன்னாள். மாமியார் என்னைப் பார்த்தார். நான் முறத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் மாமியாரை நச்சரிக்க ஆரம்பித்தோம்.

முதல் எடுப்புக் காய் காய்ந்து கீழே வந்திருந்தது. காயின் நுனியில் ஒட்டியிருக்கும் பூவின் வாலைக் கிள்ளிப் போட்டு, பெரிதையும் சிறிதையும் பிரிக்க வேண்டும். நானும் அவளும் பக்கத்து வீட்டுக்காரியும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தோம். வேலை அலுக்காமல் இருக்கச் சின்னவள் ஒரு விளையாட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஓர் எழுத்தைச் சொல்ல வேண்டும், அதில் தொடங்கும் மிருகம், பறவை, பூச்சி, எதுவானாலும் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். வாயடைத்துப் போகிறவள் மற்றவளுடைய குவியலையும் சேர்த்துக் கிள்ள வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது, காது இருந்தது. கானாவில் நான் கரடி, கடமான், கருமந்தி என்று மலையிலிருந்து இறக்கிக்கொண்டே இருந்தேன். அவள் கழுதையோடு நின்றுவிட்டாள். அன்று எனக்குச் சோறு அதிகமாக இறங்கியது.

மறுநாள் மாமியார் வந்து எங்கள் எதிரில் கால் நீட்டி உட்கார்ந்தார். எங்கள் நச்சரிப்பு அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"அடுத்த எழுத்துல எவ கடைசியா நிக்கிறாளோ அவ மலைக்குப் போகட்டும். ரெண்டு பேரு மூஞ்சியையும் என்னால பாக்க முடியல," என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி எழுத்து எடுத்துக் கொடுத்தாள். ஆவன்னா.

அவளே ஆடு என்று ஆரம்பித்துவிட்டு வேடிக்கை பார்க்க ஒதுங்கினாள். நான் ஆமை என்றேன். சின்னவள் ஆந்தை என்றாள். எனக்குச் சிலமலைக் கண்மாயில் ஆரா மீன் பிடித்தது நினைவு வந்தது, ஆரா என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து ஆக்காட்டிக் குருவி என்றாள். பிறகு என் முறை.

எனக்கு ஒன்றுதான் மீதி இருந்தது. அது நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதைத்தான் நான் சொல்ல முடியாது.

வீட்டு ஆண்கள் மலையில் இருக்கும்போது அதன் பேரை நாங்கள் சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்டதாக ஆகும், கூப்பிட்டால் வரும். தேவாரம் ஊர்ப் பக்கம் சோளத்தை மிதித்துவிட்டுப் போனாலும் பெரியவர் வந்து போயிருக்கிறார் என்றுதான் சொல்வார்கள். என் கணவரும் கொழுந்தனாரும் அந்த நேரத்தில் மேலே இருந்தார்கள். மாமியார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரு," என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி கொல்லென்று சிரித்தாள். மாமியார்கூடச் சிரித்தார். எனக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே சற்று நேரம் புரியவில்லை. ஆவன்னாவில் தொடங்கும் மிருகத்தைக் கேட்டார்கள், நான் அதைத்தான் சொன்னேன். யாரைச் சொல்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அது 'பெ'க்கா. ஆவன்னா இல்ல," என்றாள் சின்னவள், பாவம் போல.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் நிஜப் பேர் ஆவன்னாதானே, அதை என் வாயால் சொல்ல வைத்து மலையில் இருக்கிறவர்கள் தலையில் கொண்டுபோய் விடப் பார்க்கிறாயா என்று கேட்டேன். அவள் காயைக் கிள்ளிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"அந்தப் பேரைச் சொன்னாலும் ஆவன்னாவுல வராதுக்கா. நாமதான் அப்படிப் பேசுறோம். புஸ்தகத்துல யான்னு போட்டு, பக்கத்துல படம் போட்டிருக்கு. யானை."

சொல்லியே விட்டாள். மாமியார் திடுக்கிட்டு வாயில் கை வைத்தார். ஆனால் சின்னவள், நாம் சொல்லக்கூடாது என்பது வேறு சொல், இது புத்தகச் சொல், இதனால் ஒன்றும் ஆகாது என்று விளக்கினாள். மாமியாரும் தலையாட்டினார்! நான் அந்தப் பேரைச் சொல்லியிருந்தால் அன்று என்னைக் கிணற்றில் தள்ளியிருப்பார். படித்தவள் சொன்னதும் மிருகத்துக்குக் காது அடைத்துவிட்டது. நான் பயந்தும் தோற்றேன், பயப்படாமல் இருந்திருந்தாலும் தோற்றிருப்பேன். அந்த வாரமே உப்பு, புளி மூட்டைகளோடு அவள் மலையேறிவிட்டாள்.

அதன் பிறகு கீழே எனக்கு வேறு வேலையே இல்லை போல, நாள் முழுக்க அவளையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் அடுப்பில் அவள் ஊதுவாள். என் அகப்பையால் அவருக்குக் குழம்பு ஊற்றுவாள். மந்திக் கதையை அவர் மறுபடி சொல்வார், முதல்முறை கேட்கிற அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் புருஷனும் அங்கேதான் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அவள் எந்தத் தப்பும் செய்ய மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவர் பேசுவார், அவள் கேட்பாள். அது போதும் என்னை எரிக்க.

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு மத்தியானம், என் கணவரை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்திருந்தது. பின்னால் கொழுந்தனாரும், அழுது முகம் வீங்கிய சின்னவளும் வந்தார்கள். எலும்பு கட்டுபவர் வந்து உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் அப்பி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதே கொழுந்தனார் நடந்ததைச் சொன்னார்.

மேலே நல்ல மூடுபனி. ஆண்கள் இருவரும் சரிவில் ஆளுக்கொரு பக்கம் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குடிசைக்குப் பின்னால் மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டுச் சின்னவள் எட்டிப் பார்த்தால், பெரியவர் நிற்கிறார். அவளுக்குப் பெரியவர் என்ற சொல் வரவில்லை. கீழே எங்களோடு வாதாடி வைத்திருந்த புத்தகச் சொல்தான் வந்தது, அதுவும் முழுசாக வரவில்லை. 'யா... யா...' என்று கத்தியிருக்கிறாள். பாதிச் சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. என் கணவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு, ஓட வேண்டியவர், கூடையை வைத்துவிட்டுக் குடிசையை நோக்கி ஏறி வந்திருக்கிறார். திருப்பத்தில் நேருக்கு நேராகப் பார்த்தவர் திரும்பி ஓடி, பாறையிலிருந்து கீழே விழுந்தார். பெரியவர் அரிசி மூட்டையைக் கிழித்துத் தின்றுவிட்டுத் தன் வழியே போய்விட்டாராம்.

பெரியவர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கால் தப்பியிருக்கும் என்று கூலியாட்கள் முணுமுணுத்தார்கள். மாமியார் அதற்கும் விட்டுக்கொடுக்கவில்லை. படித்த பிள்ளைக்குப் படித்ததுதான் வாயில் வரும் என்றார்.

வீட்டில் கூட்டம் கலைந்ததும் பக்கத்து வீட்டுக்காரி என்னோடு அடுப்படிக்கு வந்தாள். கொழுந்தனாருக்கும் அதே சத்தம் கேட்டிருக்கிறது, அவர் அசையவில்லை, அவரிடமே விசாரித்தாளாம். என் பெண்டாட்டி என்னை 'இந்தாங்க' என்றுதான் கூப்பிடுவாள், இது யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டேன் என்றாராம்.

"அவ புருசன் நிக்கிறான், உம் புருசன்ல ஓடிருக்காரு," என்று சொல்லிவிட்டு, தணலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அது என்னைத் தின்றது. அவருக்குச் சோறு ஊட்டினேன், உடம்பு துடைத்தேன், கட்டு நனையாமல் பார்த்துக்கொண்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் வழக்கம்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். என் நினைப்பெல்லாம் ஒன்றுதான். அவள் யா என்றால் இவர் ஏன் வர வேண்டும்? அங்கே இத்தனை நாளில் அவளும் அப்படித்தான் கூப்பிட்டுப் பழகிவிட்டாளா? என் சொல்லை எடுத்து அவரைச் சோற்றுக்குக் கூப்பிட்டாளா? சின்னவள் கஞ்சி கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன். அவள் உள்ளே எட்டிப் பார்ப்பதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் மாமியார் வயலுக்குப் போயிருந்தார், சின்னவளும் கூடப் போயிருந்தாள். நான் அவர் காலருகில் உட்கார்ந்து, சட்டியைப் பார்க்காமல் அவரையே பார்த்துக் கேட்டேன். அவள் கூப்பிட்டால் அவள் புருஷனுக்கு இல்லாத அவசரம் உங்களுக்கு எதற்கு என்று. கேட்டது கோபத்தில்தான்.

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, அந்த வீட்டுக்குள் முதல் தடவையாக, என்னைப் பார்த்துப் பேசினார்.

"அவ கூப்புட்டான்னு யாரு சொன்னா? நீ கூப்புட்டேன்னுல வந்தேன். இந்த வருசம் நீ வரலங்கிறது எனக்கு நெனப்புலயே இல்ல."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன், சிரித்தேன், அவர் கால் ஒடிந்ததற்கு எனக்குச் சந்தோஷமா என்று என்னையே கேட்டுப் பயந்தேன். சந்தோஷம்தான். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

அடுத்த ஆவணிக்குள் அவர் நடக்க ஆரம்பித்தார். எடுப்பு வந்ததும் நான் கேட்காமலே மாமியார் என்னை மேலே அனுப்பினார். முதல் நாள் சோறு வெந்ததும் குடிசை முன்னால் நின்று, ஒரு வருஷம் அடக்கி வைத்த குரலில் 'யா' என்றேன். தோட்டம் முழுக்கக் கூடைகள் விழுந்தன. ஆட்கள் மரமேறினார்கள். என் கணவர் மட்டும் அவசரமில்லாமல் கிந்திக் கிந்தி ஏறி வந்து, இனிமேல் அப்படிக் கூப்பிடாதே, ஆட்கள் பயப்படுகிறார்கள் என்றார். அதற்கப்புறம் நான் தகரத்தைத் தட்டித்தான் அவரைக் கூப்பிட்டேன்.

பிற்பாடு அந்தச் சின்னவளிடமே உட்கார்ந்து எழுத்துப் படித்தேன். அவளுக்கு இருப்பது எனக்கும் இருக்க வேண்டும் என்ற எரிச்சல்தான் காரணம், அறிவுத் தாகம் ஒன்றுமில்லை. வரிசையாகப் போகலாம் என்றாள். முதலில் யா போடு என்றேன். போட்டாள், புத்தகத்தில் படத்தையும் காட்டினாள். தும்பிக்கையும் தந்தமுமாக ஒரு பெரிய மிருகம் நின்றது. பெரியவர் எழுத்து இது என்றாள். ஊரெல்லாம் சேர்ந்து சொன்னாலும், அந்த எழுத்தை அவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.