பானெட்டில் கை வைத்துப் பார்க்கும் நாத்தனார்

எங்கள் தெருவில் யாராவது பழைய கார் வாங்கப் போனால் கூடவே என் நாத்தனாரும் போவாள். கூப்பிட்டால்தான் போவாள். கூப்பிடாமல் வாங்கிவிட்டாலோ, "வாங்கிட்டீங்களா, சந்தோஷம்" என்பாள். அந்தச் சந்தோஷத்தைக் கேட்டவர்கள் மறுநாளே வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள்.

கல்யாணமாகிப் போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டவள் அவள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கொஞ்ச நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேன் டிரைவராகச் சேர்ந்தாள். சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வாங்கிவரும் வேலை. வழியில் வேன் நின்றால் யாரோ ஒரு நோயாளிக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டும். அதனால் டீசல் இன்ஜினின் இருமல் தும்மல் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. என்னிடம் பேசியதைவிட அந்த வேனிடம்தான் அவள் அதிகம் பேசியிருப்பாள். எனக்கும் அவளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம்.

பழைய டீசல் கார் பார்ப்பதில் அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. சொன்ன நேரத்துக்குப் போகவே கூடாது, முன்னாலேயே போய் நிற்க வேண்டும். போனதும் பானெட்டில் கை வைப்பாள். சூடாக இருந்தால், காலையில் கிளம்ப அடம்பிடிக்கும் வண்டியை விற்பவர் முன்கூட்டியே கிளப்பித் தயார் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அப்படியே திரும்பிவிடுவாள். ஜில்லென்று இருந்தால் ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையைப் பார்ப்பாள். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி, அந்த ஓட்டைமேல் சும்மா வைத்து, அது குதிக்கிறதா என்று பார்ப்பாள். குதித்தால் இன்ஜின் உள்ளே தேய்ந்துவிட்டதாம்.

என் வீட்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்து, முதுகெலும்பு அடிபட்டுப் படுத்த வருஷம் அது. ஊருக்கு வெளியே ஹைவே ஓரத்தில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. முதல் பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே அங்கே முதல் ஷிப்ட் ஆரம்பமாகிவிடும். எனக்கு லைசென்ஸ் இருந்தது, கார் இல்லை. திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். அதைவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பெரிய வேறு வழி இல்லை. வேறு போக்கில்லாமல் நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

முதலில் பார்த்த கார் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கீறல் இல்லை, சீட்டில் அழுக்கில்லை, ஓடியதும் குறைவு. பானெட்டும் ஜில்லென்று இருந்தது. வண்டிக்குச் சொந்தக்காரர் ஓய்வு பெற்றவர்.

"தினமும் எங்க ஓட்டுவீங்க?" என்று நாத்தனார் கேட்டாள்.

"எங்கயும் போறதில்லம்மா. பேத்திய ஸ்கூல்ல விடுவேன், அப்படியே காய்கறிக் கடை. அவ்வளவுதான்."

அவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். தெருமுனை வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்த நான் அங்கே பொறுமை இழந்தேன். "அதுல என்ன குறை கண்டே?"

"டீசல் வண்டி நீளமா ஓடணும் அண்ணி. ரெண்டு தெரு ஓடி நின்னா சூடே ஏறாது. கரியெல்லாம் உள்ளயே படிஞ்சிடும். வெளியதான் பளபளப்பு, உள்ள மூச்சடைச்சுக் கிடக்கும். ஹைவேல நெறைய ஓடின வண்டியா பாப்போம். பாக்க அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

"வேலைக்குப் போகப்போறது நான்."

"வழியில நின்னா தள்ளப்போறதும் நீங்கதான்."

அப்புறம் பார்த்ததெல்லாம் சூடான பானெட்டுகள். சனிக்கிழமையும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கார்தான். மாட்டு மருந்து விற்கும் ஒரு பெண் ஊர் ஊராக ஓட்டிய வண்டி. பத்து மணிக்கு அவள் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்த பஸ் ஸ்டாப்புக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். நாத்தனார் சட்டப்படி, ஒன்பதுக்கே முந்தின ஸ்டாப்பில் இறங்கிச் சந்து வழியாகப் போனோம். வீடு பூட்டியிருந்தது. காரையும் காணோம்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நெடுநேரம் கழித்துக் கார் வந்தது. ஒரு பக்கக் கதவு ஒரு நிறம், மற்றதெல்லாம் வேறு நிறம். மருந்துக்காரி இறங்குவதற்குள் நாத்தனாரின் கை பானெட்டில் இருந்தது.

"வாங்க அண்ணி, போலாம்."

"அய்யோ, உங்களக் கூட்டிட்டு வரத்தாங்க ஸ்டாப்புக்குப் போனேன். வெயில்ல நடக்க வேணாமேன்னு சீக்கிரமாவே போய் நின்னேன். நீங்க எந்தப் பக்கமா வந்தீங்க?"

நாத்தனார் இப்படி எத்தனை கதை கேட்டிருப்பாள். அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் வரல. இத விட்டா நாளைக்கு எனக்கு வேலை இல்ல. அந்தப் பொண்ணு சொல்றது பொய்யாவே இருக்கட்டும். வண்டி ஆறட்டும், ஆறினதும் பாரு."

அதுவரை நான் அவள் முகத்துக்கு நேரே இப்படிப் பேசியதில்லை. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தாள். மருந்துக்காரியிடம் ஒரு நாற்காலி வாங்கி, காருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். தனக்குத் தெரியாமல் யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாதாம். கைதியைக் காவல் காக்கிற மாதிரி மத்தியானம் தாண்டும் வரை அங்கேயே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் அசையவில்லை.

நான் உள்ளே டீ தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே பேச்சுக் கேட்டது.

"கூட வந்தவங்க உங்க அக்காவா?" என்று மருந்துக்காரி கேட்டாள்.

"எங்க அண்ணன் சம்சாரம். அண்ணன் படுத்ததுல இருந்து எங்க வீட்டுக்கு அண்ணனும் அவங்கதான். இந்த வேலை அவங்களுக்குப் போயிடக் கூடாது. அதான் உக்காந்திருக்கேன்."

குழாயை நன்றாகத் திறந்துவிட்டு அழுதேன். அவள் எனக்குச் செய்ததற்கான கடனை எந்தக் காலத்திலும் என்னால் அடைக்க முடியாது. அதை அவளிடம் சொல்லவும் முடியாது, எழுந்து போய்விடுவாள்.

வெயில் தாழ்ந்தபின் மறுபடி கை வைத்துப் பார்த்தாள். சாவியை என்னிடம் கொடுத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னாள். திருப்பிய வேகத்தில் பிடித்துக்கொண்டது. புகை இல்லை. ஆயில் மூடி வைத்த இடத்திலேயே இருந்தது. நாத்தனார் மருந்துக்காரியின் பக்கம் திரும்பினாள். "தப்பு என்மேலதாம்மா. சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா நீயும் அலைஞ்சிருக்க மாட்டே" என்றாள். என் நாத்தனார் வாயால் இதைக் கேட்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

பேச வேண்டியதைப் பேசி, நகையை அடகு வைத்த பணத்தைக் கொடுத்து, போட வேண்டிய கையெழுத்தைப் போட்டுக் கிளம்பினோம். நான் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளட்சை மெதுவாக விடச் சொன்னாள். முன்னால் போகும் லாரியோடு ஒட்ட வேண்டாம் என்றாள். மூன்றாவது அறிவுரையைப் பாதியில் நிறுத்திவிட்டாள். என்ன என்று பார்த்தால் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் கண்ணை மூடவே மாட்டாள் அவள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின ராத்திரி அவளுக்கு டியூட்டி. விடியற்காலையில் வேனை விட்டு இறங்கியவள் நேரே என்னோடு பஸ் ஏறியிருக்கிறாள்.

எங்கள் தெரு திருப்பம் வந்தது. வண்டியை நிறுத்தினால் விழித்துவிடுவாள். நான் திருப்பாமல் நேரே ஓட்டிக்கொண்டு போனேன்.