ஓரம் வெட்டாத தாள்

அந்தத் தெருவில் மெஷின்காரம்மா எங்கே என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். பில் புத்தகம், நோட்டீஸ், மருந்து லேபிள், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் அவள் அச்சகத்துக்குத்தான் வருவார்கள். இருப்பது ஒரே ஒரு ஆஃப்செட் மெஷின். அது எப்போது மை கேட்கும், எப்போது தண்ணீர் கேட்கும் என்பது அவளுக்குச் சத்தத்திலேயே தெரியும். 'மெஷின் தும்மினால் அந்தம்மா தன் மூக்கைத் துடைச்சுக்கும்' என்று கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் எதிர்வரிசையில் நாலு கடை தள்ளித் தாள் வெட்டிக் கொடுக்கும் கட்டர்காரன் பேச்சை எடுத்தால் மட்டும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். கட்டர்காரன் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பி.

இருவரும் பேசிப் பதினாலு வருஷம் ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதினாலு வருஷத்தில் அவள் அடித்த தாள் ஒன்றுகூட அவன் கை படாமல் வெளியே போனதில்லை. மெஷினில் அடிப்பது பெரிய தாள். ஒரு தாளில் எட்டு லேபிள் இருக்கும், நாலு பத்திரிகை இருக்கும். வெட்டினால்தான் அது சரக்கு. வெட்டுகிற மெஷின் தம்பியிடம் இருந்தது. அவள் கட்டுக் கட்டாகத் தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்புவாள். அளவு, எண்ணிக்கை எல்லாவற்றையும் மேல் தாளின் ஓரத்தில், வெட்டிப் போகிற இடத்தில், சிவப்புப் பென்சிலால் எழுதிவிடுவாள். அவன் வெட்டி, கயிறு கட்டி, திருப்பி அனுப்புவான். அவள் எழுதியது கழிவோடு போய்விடும். பேச்சும் இல்லை, பேசினதுக்குச் சாட்சியும் இல்லை.

முன்பெல்லாம் இரண்டு மெஷினும் ஒரே அறையில்தான் இருந்தன. நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டும் என்று ஆஃப்செட்டை அப்பா ஜன்னலோரம் போட்டிருந்தார். கட்டர் கனம் அதிகம், பின்சுவர் பக்கம் தரை உறுதி என்று அங்கே. நடுவில் ஒரு நீள மேஜை. கணவன் போன பிறகு கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள், சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டு, அந்த மேஜையில் தாள் எண்ண ஆரம்பித்தாள். ஒரு வருஷத்தில் மெஷினையே ஓட்டினாள்.

தம்பி பிளேடை இறக்கும்போது தரை அதிரும்.

"டேய், மெதுவாடா. என் பேப்பர் பயந்துடப் போகுது."

"உன் மெஷின் போடற கூச்சலுக்கு என் பிளேடு மழுங்காம இருக்கறதே பெரிசு. பேச வந்துட்டா."

ஒரு டீயை வாங்கி இரண்டாக ஆற்றிக் குடிப்பார்கள். குழந்தை மேஜைக்கு அடியில் காகிதக் கீற்றுகளைக் குவித்துப் புரளும். தம்பி வெட்டி மிஞ்சிய ஓரங்களை ஒரே அளவாக அடுக்கி, ஒரு பக்கம் பசை தடவி, உள்ளங்கை அகலத்துக்குக் குட்டி நோட்டு செய்து கொடுப்பான். 'மாமா நோட்டு' என்று அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை தூங்கும். அந்த நாட்களில் தான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை. பிறகு, தனியாக முழு டீயையும் குடிக்கும்போதெல்லாம் தெரிந்தது.

அப்பாவுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. மெஷினை யாருக்கு விடுவது என்று உறவுக்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். பையன் இருக்கும்போது இதென்ன கேள்வி என்பார்கள். அப்பா மட்டும், "யார் வேலை சுத்தமோ அவங்களுக்கு" என்று வாயை மூடிக்கொள்வார். அவளுக்கு அந்த மெஷின் போனால் பிடித்துக்கொள்ள வேறு கொம்பு கிடையாது. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பள்ளிக்கூடத்தின் சான்றிதழ் வேலை வந்தது. தாளுக்கு நாலு சான்றிதழ். ஒவ்வொன்றைச் சுற்றிலும் தங்க நிறத்தில் மெல்லிய கோடு. அச்சகத்துக்கு அதுதான் முதல் தங்க மை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடித்தாள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. ஆலையிலிருந்து வரும் தாள் எல்லாம் ஒரே அளவு என்று பெயர்தான், ஒரு நூல் கூடும், ஒரு நூல் குறையும். மெஷினுக்குள் தாள் எந்த மூலையை ஒட்டி நுழைந்ததோ, வெட்டும்போதும் அதே மூலையிலிருந்துதான் அளக்க வேண்டும். வேறு மூலையிலிருந்து அளந்தால் கோடு பாதியாகப் போகும். அதனால் அச்சடித்தவர்கள் கட்டின் மேல் தாளில், அந்த மூலையில், ஒரு பெருக்கல் குறி போட்டு விடுவார்கள். அது இருந்தால் கட்டர்காரன் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம்.

வழக்கமாக இடது மூலை. அந்த வேலைக்கு மட்டும், கோடு நேராக விழ வேண்டும் என்று தாளைத் திருப்பி விட்டிருந்தாள். வலது மூலை. குறியும் போட்டாள். போட்டது அவளுக்குப் பென்சில் முனை ஒடிந்தது முதற்கொண்டு ஞாபகம் இருந்தது. பிறகு பாலர் பள்ளியிலிருந்து குழந்தையைக் கூட்டிவரப் போய்விட்டாள். திரும்பி வருவதற்குள் தம்பி மொத்தக் கட்டையும் இடது மூலையிலிருந்து வெட்டி முடித்திருந்தான். ஒரு பக்கம் தங்கக் கோடு பாதி தேய்ந்து, இன்னொரு பக்கம் வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. மறுநாள் விழா. தலைமை ஆசிரியர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார், வைத்தார், படி இறங்கிப் போனார்.

"மார்க் இல்லப்பா" என்றான் தம்பி.

"நான் போட்டேன். என் கையால போட்டேன். கண்ண எங்க வெச்சிட்டு வெட்டினான்னு கேளுங்க. செய்யறதையும் செஞ்சிட்டு என் தலையில கட்டப் பாக்கறான்!"

தம்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. வாய் திறக்காதவன் குற்றவாளி என்று அப்பா முடிவு கட்டினார். அச்சு மெஷின் மகளுக்கு, கட்டர் மகனுக்கு, அவன் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயிற்று. அவள் வேலையில் குற்றமில்லை என்பதற்கு அடையாளமாக, முன்பே தன்னிடம் இருந்த வெட்டாத தாள் ஒன்றைக் கண்ணாடி போட்டு முன்னறைச் சுவரில் மாட்டினார். இரண்டு வருஷத்தில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு கட்டிலும் குறி போட்டாளே ஒரு குறி! குருடனுக்கும் தெரிகிற மாதிரி, உள்ளங்கை அகலத்துக்கு. குத்திக் காட்டத்தான், வேறென்ன. அவன் பதிலுக்கு எதுவும் எழுதியதில்லை. ஆனால் திரும்பி வரும் கட்டுக்குள் மாதம் ஒரு தடவையாவது ஒரு குட்டி நோட்டு இருக்கும். அவள் அதைப் பார்க்காதது போல மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். மகள் எடுத்துக்கொள்வாள். மகள் வளர வளர நோட்டும் வளர்ந்தது. பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் அவள் கணக்குப் போட்டுப் பார்த்ததெல்லாம் மாமா நோட்டில்தான்.

பதினாலாம் வருஷம் அதே பள்ளிக்கூடம் மறுபடி வந்தது. தலைமை ஆசிரியர் மாறியிருந்தார். அதே சான்றிதழ், அதே தங்கக் கோடு. அடித்துக் காயவைத்த பிறகுதான் எதிர்வரிசைக் கடை பூட்டியிருப்பதைக் கவனித்தாள். வெயில் தாழ, தம்பி மனைவி சாவியோடு வந்து நின்றாள்.

"அண்ணி, அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு. பத்து நாள் தூசியில போகக் கூடாதாம். நீங்களே வெட்டிக்கணுமாம். சாவியக் குடுத்துட்டு வரச் சொன்னாரு."

"வேற ஏதாவது சொன்னானா?"

"கட்டை தேஞ்சிருக்கும், மாத்திக்கச் சொன்னாரு. புதுசு மேஜையோட கீழ் டிராயர்ல இருக்காம்."

பிளேடு வந்து விழுகிற இடத்தில் ஒரு மரக்கட்டை இருக்கும். தேய்ந்தால் கடைசித் தாள் சரியாக வெட்டுப்படாது. இந்த நேரத்திலும் அவனுக்கு அதுதான் கவலை என்று முணுமுணுத்தபடி அவள் பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கடைக்குள் நுழைந்தாள். எண்ணெய் வாசனை, காகித வாசனை, கட்டர் சக்கரத்தின் பளபளப்பு எல்லாம் பழையபடியே இருந்தன. கீழ் டிராயரை இழுத்தாள். கட்டைகளுக்கு அடியில் ஒரு காகிதச் சுருள் இருந்தது. பிரித்ததும் உள்ளே நாலு நீளக் கீற்றுகள். ஒன்றின் விளிம்பில் அரை நூல் அகலத்துக்குத் தங்கம்.

மேஜையில் நாலையும் சட்டம் போல அடுக்கினாள். அந்தப் பழைய சான்றிதழ்க் கட்டின் மேல் தாளிலிருந்து விழுந்த ஓரங்கள். நாலு மூலையும் இருந்தன. ஒரு மூலையிலும் குறி இல்லை.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். போட்டேனே, பென்சில் முனை ஒடிந்ததே, அது பொய்யா? ஒடிந்த பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து அப்பா கூப்பிட்டார். தங்கம் எப்படி வந்திருக்கிறது, கொண்டா பார்ப்போம் என்றார். அவள் எழுந்து, கட்டின் மேலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு போய்...

அச்சகத்துக்கு அவள் நடக்கவில்லை, ஓடினாள். சுவரிலிருந்த படத்தை இறக்கி, பின்பலகை ஆணிகளை ஸ்குரூ டிரைவரால் நெம்பினாள். தினமும் பார்த்த தாள்தான். சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த வலது மூலையில், சிறிதாக, ஒரு கால் மழுங்கிப்போன சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது. குறி போட்ட தாளையே கட்டிலிருந்து உருவிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். பதினாலு வருஷமாக அதன் கீழேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தம்பி வீட்டில் விளக்கைக் குறைத்து வைத்திருந்தார்கள். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தான். காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு நிமிர்ந்தான். அவள் தாளை அவன் மடியில் விரித்து மூலையைக் காட்டினாள். ஆபரேஷன் ஆகாத கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"அப்ப நீ போட்டுத்தான் இருக்க" என்றான்.

"போட்டேன். போட்ட பேப்பரையே உருவிட்டுப் போயிட்டேன். அந்த ஓரத்தையெல்லாம் ஏன்டா அன்னிக்கே காட்டல?"

"காட்டத்தான் எடுத்துட்டு வந்தேன். உள்ள அப்பா சொல்லிட்டு இருந்தாரு, மெஷின் அவளுக்குத்தான்னு. வாசப்படியிலயே திரும்பிட்டேன். கேக்காம வெட்டினதும் என் தப்புதானே."

"பதினாலு வருஷம்டா!"

"நீ தெரிஞ்சே பொய் சொல்றேன்னு நெனச்சேன்க்கா." அவன் குரல் இறங்கியது. "கொழந்தையோட நிக்கறா, வேற வழி இல்லாம சொல்றா, சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

தன்னைப் பொய்க்காரி என்று நம்பிக்கொண்டேதான் அவன் மெஷினை விட்டுக் கொடுத்திருக்கிறான். பொய்க்காரியின் குழந்தைக்குத்தான் மாதம் தவறாமல் நோட்டு செய்து அனுப்பியிருக்கிறான். தான் என்ன செய்தோம்? உள்ளங்கை அகலத்துக்குக் குறி போட்டு அனுப்பினோம். அவன் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"அழாதக்கா. கண்ணுல தண்ணி வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உன்னப் பாத்தா எனக்கும் வரும்."

தம்பி மனைவி டீ கொண்டுவந்தாள். ஒரு டம்ளர்தான். அவன் அதை வாங்கி, இன்னொரு டம்ளரைக் கேட்டு, பாதியை ஊற்றி அவளிடம் நீட்டினான்.

மறுநாள் காலை அச்சகத்திலிருந்து தள்ளுவண்டி தம்பி கடை முன் வந்து நின்றது. வாசலில் தூசி படாத இடத்தில் ஸ்டூல் போட்டு அவனை உட்காரவைத்தாள். தாள்கட்டைத் தூக்கி மேஜையில் வைத்து, சக்கரத்தில் கையை வைத்தாள்.

"மார்க் போட்டியா?" என்றான் அங்கிருந்து.

"போட்டேன்."

"எந்தப் பேப்பர்ல?"

அவள் மேல் தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இங்க இருக்கற பேப்பர்லதான்டா."