பிள்ளையைக் கப்பலேற்றச் சம்மதக் கடிதம்

அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை ஆபீஸ் நடையில் எழுதித் தருவதுதான் மனு எழுதுகிறவன் பிழைப்பு. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, நாற்பத்தைந்தின் கடைசி மாதங்களில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீஸ் வாசலில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தேன். இந்தியாவுக்குக் கப்பல் விடப் போகிறார்கள் என்று பேச்சு. தாய் தகப்பன் கூட வராமல் போகிற பிள்ளைக்கு இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். அதில் வக்கீலின் நோட்டரி முத்திரை விழ வேண்டும். வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரு கையெழுத்து குறைந்தது.

நடுவில் ஒன்று

கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து முனியம்மா வந்தாள். எட்டு வயது மகனைக் கொழுந்தனோடு ஊருக்கு அனுப்ப வேண்டும். புருஷனை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருஷம். திரும்பி வந்தவர்களில் ஒருவர், அவன் காலராவில் கிடந்ததைப் பார்த்தேன் என்றார். இன்னொருவர், அதற்கப்புறமும் பார்த்தேன் என்றார்.

உயிரோடிருந்தால் கையெழுத்து, இறந்திருந்தால் அத்தாட்சி வேண்டும் என்றேன்.

"இருக்காருன்னா கையெழுத்து கேக்குறீங்க. செத்துட்டாருன்னா நான் பொட்டை அழிக்கணும். நடுவுல ஒண்ணு எழுதத் தெரியாதாண்ணே?"

உள்ளே போய் வக்கீலிடம் சொன்னேன். 'இருப்பிடம் தெரியவில்லை' என்று போட்டு, தோட்டத்து ஆபீஸ் கிராணியைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல் என்றார். அடித்து, அவளுக்குப் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள்.

"அப்படியே இருக்கட்டும்ணே. தெரியலைன்னா, வரலாம்ல?"

அப்பா குண்டாக இருப்பார்

வீராசாமி சயாமிலிருந்து திரும்பிவிட்டவர். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. புண் அழுகி முகாமிலேயே எடுத்துவிட்டார்கள். அவர் அங்கே இருந்தபோது இங்கே மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். ஆறு வயது மகளை வளர்த்தது பக்கத்து வீட்டு அக்கா. பிள்ளையைத் திருச்சியில் இருக்கும் தன் தங்கையிடம் சேர்க்க அவர் கடிதம் கேட்டு வந்தார்.

முத்திரைக்கு முன்னால் வக்கீல் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்பார். "இவர் யாரும்மா?"

"தெரியாது. எங்கப்பா குண்டா இருப்பாரு."

வக்கீல் முத்திரையைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய், "அப்பாதான் சார், கல்யாணம் ஆன நாளிலேர்ந்து எனக்குத் தெரியும்" என்று சாட்சிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முத்திரை விழுந்தது. வீராசாமி காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஊன்றுகோலை எடுத்தபடி சொன்னார்:

"புள்ள பொய் சொல்லல சார். அது சொன்ன ஆளு சயாமிலேயே நின்னுட்டாரு."

முழுமனத்துடன்

கதீஜா பீவியின் கணவர் கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தவர். விசாரணை என்று ஜப்பான் போலீஸ் கூட்டிக்கொண்டு போய், மூன்றாம் நாள் உடலைத் தந்தது. அதனால் ஒரு கையெழுத்து போதும். எனக்கு வேலை சுலபம். பத்து வயது மகளை நாகூரிலிருக்கும் பாட்டி வீட்டுக்குத் தகப்பனின் அண்ணன், பெரியத்தா, அழைத்துப் போகிறார். அம்மாவுக்குக் காசநோய், கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அன்று மகள் வெளியே அஞ்சடித் தாழ்வாரத்திலேயே நின்றாள். தாய் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தாள்.

'முழுமனத்துடன் சம்மதிக்கிறேன்' என்று நான் படித்ததும் கையை உயர்த்தினாள். அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். எடுத்தால் காகிதம் செல்லாது என்றார் வக்கீல். கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள்.

"கையை நான் வச்சுட்டேன் தம்பி. மனசுன்னு எழுதினது உங்க பொறுப்பு."

அந்த வருஷக் கடைசியில், என் கடிதங்களில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லையென்று வக்கீல் என்னைப் பாராட்டினார்.